மிதிக்கிறது ஆர், தம்பி?

வாரும் தம்பி, இரும். தேத்தண்ணி சொல்லியாச்சு. உந்தப் போனைக் கொஞ்சம் தள்ளி வையும், வடை எண்ணெய் பட்டால் பிறகு என்னைத்தான் பேசுவீர். நீர் அனுப்பின வீடியோவைப் பாத்திட்டன். நல்ல வீடியோ. வடிவான பிள்ளை ஒண்டு ரெண்டு மூங்கில் மிதியில ஏறி நிண்டு மாறி மாறி மிதிக்குது, குழாயால தண்ணி குபுகுபுவெண்டு வருகுது, பிள்ளை சிரிக்குது. அந்த மிதி பம்பை வாங்கி எங்கட ஊர்த் தோட்டக்காரருக்கு அனுப்பிறது எண்டு பாரிஸில இருக்கிற ஊர் ஒன்றியத்தின்ர கூட்டத்தில தீர்மானமும் எடுத்திட்டியளாம். தலைவர் எழும்பி நிண்டு கைதட்டினவராம். பொருளாளர் மட்டும் காற்சட்டைப் பைக்குள்ள கையை விட்டபடி இருந்தவராம். அந்த மனிசனில எனக்கு எப்பவும் ஒரு மதிப்பு.

நான் மறிக்க வரேல்லை. நல்ல காரியத்தை மறிச்ச பாவம் எனக்கேன்? ஆனால் ஒண்டு கேக்கிறன். நீர் மாசாமாசம் காசு கட்டி ஒரு ஜிம்முக்குப் போறீர். அங்க ஒரு மெசினில ஏறி நிண்ட இடத்திலயே ஓடுறீர். வேர்த்து ஒழுகுது, ஒரு சொட்டுத் தண்ணி வராது. அதுக்கு நீர் காசு குடுக்கிறீர். உந்த வீடியோவில மிதிக்கிற பிள்ளைக்கு அது சீவியம். காலும் ஒண்டுதான், வேர்வையும் ஒண்டுதான். எப்ப இறங்கலாம் எண்டு முடிவெடுக்கிறது ஆர் எண்டதில மட்டும்தான் வித்தியாசம் இருக்குது. உதை ஒருக்கால் மனசில வைச்சுக்கொண்டு மிச்சத்தைக் கேளும்.

துலா எண்டால் உமக்கு என்னெண்டு தெரியுமோ? இஞ்ச மாணிக்க விநாயகர் தேருக்கு முன்னால தேங்காய் உடைச்சுப் படம் போடத் தெரியும், துலா தெரியாது. பிழையில்லை, நீர் பிறக்கேக்க அது விறகாப் போயிட்டுது. கிணத்தடியில ரெண்டு ஆடுகால் நிக்கும். இடையில அச்சுலக்கை. அதுக்கு மேல நெடுவலா ஒரு மரம், அதுதான் துலா. நுனியில கொடி, கொடியின்ர முனையில பட்டை. பட்டை முந்தி பனையோலையில இழைச்சது, பேந்துதான் தகரத்தில வந்தது. துலாவுக்கு மேல ஒருத்தர், பெரிய கிணறெண்டால் ரெண்டு பேர், ஏறி நிண்டு முன்னுக்கும் பின்னுக்கும் நடப்பினம். முன்னுக்கு நடந்தால் நுனி தாழும், பட்டை கிணத்துக்குள்ள இறங்கும். பின்னுக்கு நடந்தால் நிரம்பின பட்டை மேல வரும். கீழ நிக்கிறவர் அதைப் பிடிச்சுச் சரிச்சு வாய்க்காலுக்குள்ள ஊத்துவார். தோட்டத்துக்குள்ள இன்னொருத்தர் மண்வெட்டியோட நிண்டு பாத்தி பாத்தியாத் தண்ணி மாறுவார். நாலு பரப்புப் புகையிலைக்கு இறைச்சு முடிய வெயில் உச்சிக்கு வந்திடும். அதுக்காகத்தான் விடியப்புறம், நிலவு இருந்தால் நிலவிலயே தொடங்கிறது.

இப்ப ஆரும் துலாவைப் பற்றிக் கதைக்கேக்க கண் கலங்கிக் கதைக்கினம். இயற்கையாம், பாரம்பரியமாம், உடற்பயிற்சியாம். கலங்கிற கண்ணைக் கொஞ்சம் துடைச்சுப்போட்டு, மேல நடந்தது ஆர் எண்டு கேட்டுப் பாரும். காணிக்காரர் ஏறின ஊரும் இருந்தது, இல்லையெண்டேல்லை. ஆனால் கனக்க இடத்தில மேல நடந்தது கூலிக்காரன். காணியின்ர உறுதியை எடுத்துப் பாத்தால் கிணத்துப் பங்கு, வழி வாய்க்கால் உரித்து எண்டு பரம்பரை பரம்பரையா எழுதிக்கிடக்கும். அரைக்கால் பங்குக்கு மல்லாகம் கோட்டில வழக்காடி, கிணத்தை வித்த காசிலும் கூட அப்புக்காத்துக்குக் குடுத்த குடும்பங்கள் இருக்குது. துலாவில நடந்தவன்ர பேர் ஒரு உறுதியிலயும் இல்லை. இறைச்ச தண்ணியை அதே கிணத்தில அள்ளிக் குடிக்க விடாத கிணறுகளும் இருந்தது. நீர் அனுப்பப் போற பம்புக்கு நூறு வருசத்துக்கு முந்தியே ஒரு பம்பு எங்களிட்ட இருந்தது தம்பி, மனிசக் கால் பூட்டின பம்பு. அது ஏழ்மையைப் போக்கினதோ எண்டால், போக்கினதுதான், கிணத்துக்காரன்ர ஏழ்மையை.

தண்ணி மாறுறதைப் பார்க்க ஆசையெண்டால் நீர் விமானம் ஏறத் தேவையில்லை. விடிய எழும்பி இந்த ரூ காய் முனைக்கு வாரும். பச்சை உடுப்புப் போட்ட நகரசபை ஆள் ஒருத்தர் நடைபாதைக் கல்லுக்குக் கீழ இருக்கிற வாயைத் திறந்துவிடுவார். தண்ணி ஓரத்தால ஓடிவரும். அது இடத்துக்கு இடம் திரும்பவேணுமெண்டதுக்கு ஒரு பழைய கம்பளத் துண்டைச் சுருட்டிக் கட்டி வாய்க்காலுக்கு நடுவில போட்டு வைச்சிருப்பார். காலால அதைத் தட்டி விட, தண்ணி மற்றப் பக்கம் திரும்பும். எங்கட ஆக்கள் வரம்பை வெட்டி மறிக்கிற அதே வேலை. அந்தத் தண்ணி குடிக்கிற தண்ணியில்லை, சேன் ஆத்திலயும் ஊர்க் (Ourcq) எண்ட கால்வாயிலயும் எடுக்கிறது. அந்தக் கால்வாயை வெட்டச் சொல்லி 1802இல் ஆணை போட்டது நெப்போலியன். பாரும், றோட்டுக் கழுவிற தண்ணிக்குக்கூட இஞ்ச தனிக் குழாய், தனிக் கால்வாய், அதுக்கு ஒரு சக்கரவர்த்தி. எங்கட பாத்திக்கு உம்மட ஒன்றியம்.

உந்தப் பச்சை உடுப்புக்காரரில சிலபேர் மாலி, செனகல் பக்கத்து ஆக்கள். அவையிட்ட ஒரு கதை இருக்குது, அதை உம்மட தலைவருக்குச் சொல்லும். 1970களின்ர தொடக்கத்தில அவையின்ர பக்கம் பெரிய வறட்சி. பாரிஸில தொழிலாளர் விடுதியளில அடைஞ்சு கிடந்த பொடியள் கொஞ்சப்பேர், வீட்டுக்குக் காசு அனுப்பினால் மட்டும் காணாது எண்டு கூடிக் கதைச்சவை. கதைச்சுப்போட்டுக் கலைஞ்சு போகேல்லை. பிரெஞ்சுக் கமக்காரரிட்டப் போய் மண் வேலை பழகிச்சினம். 1977இல் பதினாலு பேர் மாலியில கய்ஸ் எண்ட நகரத்துக்குக் கிட்ட, செனகல் ஆத்தங்கரையில போய் இறங்கிச்சினம். சொமன்கிடி கூரா எண்டு அந்தக் கூட்டுறவுக்குப் பேர். காட்டை வெட்டி, ஆத்துத் தண்ணியைப் பாய்ச்சி, வாழையும் மரக்கறியும் வைச்சு, ஊர் ஒண்டையே உண்டாக்கிச்சினம். அதில ஒருத்தர் பூபா தூரே. பாரிஸுக்கும் அங்கயுமா அலைஞ்சு எல்லாத்தையும் படமாப் பிடிச்சு வைச்ச மனிசன், 2022இல்தான் செத்தவர். அவை பம்பை அனுப்பிப்போட்டுப் படம் வருகுதோ எண்டு வாட்ஸ்அப்பைப் பாத்துக்கொண்டு இருக்கேல்லை. பயப்பிடாதையும், உம்மைத் திரும்பிப் போகச் சொல்லேல்லை. சொன்னால் உம்மட மனிசி என்னை இந்த லாச்சப்பல் பக்கத்தாலயே கலைச்சுப்போடும்.

சரி, எங்கட கிணத்தடிக்கு வருவம். 1950கள், 60களில மண்ணெண்ணெய் மெசின் வந்தது. கயிறைச் சுத்தி இழுத்து, கொஞ்சம் பெற்றோலில ஸ்ராட் பண்ணி, சூடு பிடிச்ச உடன மண்ணெண்ணெய்க்கு மாத்திவிடுறது. நாலு ஆள் நாள் முழுக்கச் செய்த வேலையை ஒரு பொடியன் பீடியைப் பத்திக்கொண்டு செய்து முடிச்சான். துலா மிதிச்சவன் ஒருத்தனும் அழேல்லை, நான் பாத்தன். அழுதது பேந்து கவிதை எழுதினவைதான். பிறகு 1970க்கும் 77க்கும் இடையில பிரதமர் சிறிமா அம்மாவின்ர அரசாங்கம் வெளிநாட்டு மிளகாயையும் வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் மறிச்சுது. தெற்கில சனம் பாணுக்கு வரிசையில நிண்டுது, வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில தோட்டக்காரன் கல்வீடு கட்டினான். உழவன் கை ஓங்கினது மெசினாலயோ எண்டால், மெசினும் இருந்தது, ஆனால் விலையும் இருந்தது. 1977இல் இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட, விலை போச்சுது. மெசின் அதே மெசின்தான், கிணறும் அதே கிணறுதான்.

1990க்குப் பிறகு போரோட எங்கட பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் மருந்து மாதிரிப் போத்திலில வித்தாங்கள். அப்ப துலாவை விறகாக்காமல் வைச்சிருந்தவன் ராசா. பெரிய வாத்தியார்மாரும் பட்டை பிடிச்ச காலமது. அது முடிஞ்சுது எண்டு பாத்தால், 2022 ஓகஸ்ட் 22ந் திகதி ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவில இருந்து ஒரே பாய்ச்சலா 340க்குப் போச்சுது. கரண்ட் மோட்டர் வைச்சிருந்தவன் சிரிக்கலாம் எண்டால், அவனுக்கு அதே ஓகஸ்ட்டில கட்டணம் 75 வீதம் ஏறிச்சுது. அதுக்கு முந்தின வருசம் ஒரே இரவில உரத்தை நிப்பாட்டி இயற்கை விவசாயம் செய்யச் சொன்னவை. தோட்டக்காரனை மாதிரி அரசாங்கத்திட்டப் பாடம் படிச்சவன் உலகத்தில இல்லை. ஆகையால உம்மட ஒன்றியத்துக்கு மிதி பம்பு ஞாபகம் வந்ததில ஒரு நியாயம் இருக்குது. எண்ணெய் குடிக்காத, கரண்ட் கேக்காத பம்பு. சோறு மட்டும் கேக்கும்.

அந்தப் பம்பின்ர பிறப்பைச் சொல்லுறன், கூட்டத்தில பேச உதவும். வங்காளதேசத்தின்ர வடக்கில, ரங்பூர் தினாஜ்பூர்ப் பக்கத்தில தொண்டு வேலை செய்த குன்னார் பார்ன்ஸ் எண்ட நோர்வேக்காரர் உண்டாக்கினது. ரெண்டு உருளை, உள்ளுக்கு ரெண்டு பிஸ்டன், மேல ரெண்டு மூங்கில். ஒண்டு தாழ மற்றது எழும்பும். தண்ணி நிக்காமல் ஓடும். ஊர்க் கொல்லனே செய்யலாம், அதுதான் அதின்ர கெட்டித்தனம். பேந்து போல் போலாக் எண்ட அமெரிக்காக்காரர் வந்தார். அவர் மனநோய் வைத்தியர். சிரிக்காதையும், எங்கட ஒன்றியத்துக்கும் அப்பிடி ஒருத்தர் வந்தால் நல்லதுதான். அவரின்ர அமைப்பு பம்பைச் சும்மா குடுக்கேல்லை, வித்தது. குழாயும் இறக்கிப் பூட்டி முடிக்க 25 டொலர் அளவில. செய்யிற பட்டறை, விக்கிற கடை, பூட்டிற மேசன் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் காசு மிஞ்சும். விளம்பரத்துக்கு, காதலனும் காதலியும் பம்பு வாங்கிப் பணம் சேர்த்துக் கலியாணம் கட்டுற மாதிரி ஒரு முழுநீளப் படம் எடுத்து ஊரூராத் திரை கட்டிப் போட்டவை. பத்து லட்சத்துக்கு மேல பம்பு வித்துது. அரை ஏக்கர்க்காரன் வறட்சிக் காலத்திலயும் மரக்கறி வைச்சுச் சந்தைக்குக் கொண்டு போனான். உது பொய்யில்லை.

ஆனால் கதையின்ர மற்றப் பாதியையும் கேளும். 1980களின்ர கடைசியில வங்காளதேசம் இறக்குமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்த, சீனத்து டீசல் எஞ்சின் மலிவா வந்து குவிஞ்சுது. பிறகென்ன, மிதிச்சவன் கையில காசு சேரச்சேர எஞ்சின் பக்கம் போனான். வாங்க ஏலாதவன் பக்கத்துக் காணிக்காரன்ர எஞ்சினில தண்ணி விலைக்கு எடுத்தான். வெள்ளைக்காரர் சிலருக்கு அது பெரிய மனக்கவலை. எனக்கு அது பம்பின்ர வெற்றியாத்தான் படுகுது. மிதிச்சவன் மிதிச்சுக் காசு பாத்து இறங்கிப் போயிட்டான், வேறென்ன வேணும்?

கவலைப்பட்டவையில ஒரு கூட்டம் வலு சுவாரசியம். 2007 வாக்கில பிரித்தானியாவில, விமானத்தில பறந்த பாவத்தைக் கழுவக் காசு வாங்கிற அமைப்பொண்டு, அந்தக் காசில வட இந்தியாவில மிதி பம்பு பூட்டினது. கணக்கு இதுதான்: உத்தரப் பிரதேசத்துக்காரன் டீசல் எஞ்சினை விட்டுட்டுக் காலால மிதிச்சால் புகை குறையும். குறைஞ்ச புகையை லண்டன்காரன்ர விமானப் புகைக்கு ஈடு வைக்கலாம். ஆக, அவன் ஸ்பெயினுக்கு வெயில் காயப் போய்வர, இவன் வெயிலில நிண்டு மிதிக்கிறான். லண்டன் பத்திரிகைகள் உதைப் பிடிச்சு நாறடிச்சவை. காலநிலை மகாநாடு 2015இல் இஞ்சதான், எங்கட ஆக்கள் கனபேர் இருக்கிற லா கூர்னெவ்வுக்குப் பக்கத்தில லூ பூர்ஜேயில நடந்தது. உலகத் தலைவர்மார் அவ்வளவு பேரும் வந்து இறங்கினவை. ஒருத்தரும் மிதிச்சு வரேல்லை.

உதை விடப் பகிடி தென்னாபிரிக்காவில. பிள்ளையள் ஏறிச் சுத்தி விளையாடுற ராட்டினத்துக்குக் கீழ பம்பைப் பூட்டி, பிள்ளையள் விளையாடத் தண்ணி வரும் எண்டாங்கள். ஆருக்குத்தான் பிடிக்காது? 2006இல் அமெரிக்க சனாதிபதியின்ர மனிசி லோரா புஷ் மேடையில ஏறி 164 லட்சம் டொலர் திட்டம் அறிவிச்சா. ஒண்டின்ர விலை சாதாரண கைப்பம்பைப் போல நாலு மடங்கு. பிறகு ஒரு பத்திரிகைக்காரர் இருந்து கணக்குப் போட்டுப் பாத்தார். அவை சொன்ன அளவு சனத்துக்குத் தண்ணி குடுக்கவேணுமெண்டால் பிள்ளையள் ஒரு நாளைக்கு 27 மணித்தியாலம் விளையாடவேணும். கடைசியில பொம்பிளையள்தான் அந்த ராட்டினத்தைக் குனிஞ்சு கையால தள்ளிச்சினம். படத்தில மட்டும் பிள்ளையள்.

உம்மட வேலைக்கு வருவம். அனுப்பமுந்தி கிணத்தை அளவும். நல்லூர்த் திருவிழாவுக்கெண்டு எல்லாரும் ஆடி ஆவணியில ஊருக்குப் போறியள்தானே, தண்ணி அடிமட்டத்துக்கு இறங்கிற காலமும் அதுதான். கயிறில ஒரு கல்லைக் கட்டி விட்டுப் பாரும். நிலத்தில இருந்து தண்ணி ஏழு மீற்றருக்குக் கீழ போனால் உந்தப் பம்பு வேலை செய்யாது, தலைகீழா நிண்டு மிதிச்சாலும் செய்யாது. ஏனெண்டால் பம்பு தண்ணியை இழுக்கிறேல்லை. குழாய்க்குள்ள இருக்கிற காத்தை எடுத்துவிட, வெளியில இருக்கிற காத்துத்தான் தண்ணியை மேல தள்ளுது. அந்தக் காத்துக்குப் பத்து மீற்றர் அளவுக்குத்தான் பலம், அதிலயும் பம்பின்ர ஓட்டை உடைசலுக்குக் கழிச்சால் ஏழு. நான் சொல்லி நம்பாட்டில் ரூ த ரிவோலியில சென் ஜாக் கோபுரத்துக்குக் கீழ நிக்கிற பஸ்காலிட்டக் கேளும். காத்துக்குப் பாரம் உண்டெண்டு 1648இல் மலையில பரிசோதிச்சுக் காட்டினது அவர்தான். தான் ஏறேல்லை, சிலை நிக்குது இஞ்ச, மலையில ஏறினது அக்காவின்ர புருசன். பாத்தீரோ, அங்கயும் மிதிச்சவன் வேற.

வலிகாமத்தின்ர நடுவில கனக்கக் கிணறு உந்த ஏழு மீற்றரைத் தாண்டும். துலாவுக்கு உந்தப் பிரச்சினை இல்லை, அது தண்ணியை அள்ளித் தூக்கிறது. அதால நீர் அங்க பம்பை இறக்கினால் ஐப்பசியில அது கோடிக்குள்ள கோழி அடைக்கிற சாமானாப் போடும். தண்ணி மேலால கிடக்கிற இடம் வேற இருக்குது. மணற்காட்டுப் பக்கம், முல்லைத்தீவுக் கரையோரம், மன்னார். மணலைக் கிண்டின துரவுக்குள்ள இறங்கி, ரெண்டு கையிலும் பூவாளியைத் தூக்கிக்கொண்டு ஏறி ஏறி ஊத்தி வெங்காயம் வைக்கிற பொம்பிளையளைக் கண்டிருக்கிறீரோ? பூவாளியின்ர கைபிடி உள்ளங்கையில தழும்பா விழுந்திருக்கும், முதுகு அம்பது வயசுக்கு முந்தியே வளைஞ்சிருக்கும். புருசன் போரில போனவை, இல்லாட்டில் எங்க போனார் எண்டே தெரியாதவை கனபேர். அந்த மனிசிக்கு உம்மட பம்பு ஒரு வரம்தான். அவ இப்பவும் கையாலதான் சுமக்கிறா, காலுக்கு மாத்திறது அவவுக்கு இளைப்பாறல். ஏற்கெனவே மோட்டர் வைச்சிருக்கிறவனை இறக்கி மிதிக்க வைக்கப் போகாதையும். சுமக்கிறவளிட்டக் கொண்டுபோம்.

கொண்டுபோய்ச் சும்மா குடாதையும். சும்மா வந்த பம்பில வாசர் தேய்ஞ்சால், குடுத்தவன் வந்து மாத்தட்டும் எண்டு விட்டிடுங்கள். பாதி விலையெண்டாலும் வாங்கட்டும். ஆனால் தவணை எண்ட உடன நுண்கடன் கொம்பனிக்காரர் மாதிரி வெள்ளிக்கிழமையில போய் வாசல்ல குந்தாதையும். அந்தக் கடனில சனம் அமிழ்ந்து, 2018இல் அரசாங்கமே வறட்சி மாவட்டங்களில பொம்பிளையளின்ர ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடனைத் தள்ளுபடி செய்யிற நிலைமைக்கு வந்தது. வெங்காயம் கிண்டின பிறகு வாங்கும். கிண்டாட்டில் அடுத்த போகம். வாசரும் நட்டும் சுன்னாகத்திலயோ முல்லைத்தீவுச் சந்தையிலயோ கடையில கிடக்கவேணும். பாரிஸில இருந்து பார்சல்ல வரவேணுமெண்டால் பயிர் பாத்துக்கொண்டு இராது. பம்பை அங்கத்தைப் பட்டறைப் பொடியன் ஒட்டட்டும். இஞ்சத்தை விலைக்கு ஒண்டு வாங்கிற காசில அங்க எத்தினை செய்யலாம் எண்டு பொருளாளரைக் கேளும், அவர் கைதட்டாமல் இருந்ததின்ர காரணம் அப்ப விளங்கும்.

பேர்ப்பலகை பற்றியும் கதைச்சனியளாம். ஒவ்வொரு பம்பிலயும் ஒன்றியத்தின்ர பேர், தலைவரின்ர பேர், உபயகாரரின்ர அப்பா அம்மா பேர். பதினாலாம் லூயி ராசா கதை தெரியுமோ? வெர்சாய்ப் பூந்தோட்டத்து நீரூற்றுகளுக்குத் தண்ணி வேணுமெண்டு மார்லியில சேன் ஆத்துக்குள்ள ஒரு பெரிய மெசின் கட்டினவர். 1684இல் ஓடத் தொடங்கினது. பதினாலு சில்லு, இருநூறுக்கு மேல பம்பு, மலைக்கு மேல நூற்றைம்பது மீற்றருக்கு மேல தண்ணி ஏறிச்சுது. சத்தம் ஊரையே கெடுத்துது. அவ்வளவு செய்தும் எல்லா நீரூற்றையும் ஒரேயடியா ஓட விடத் தண்ணி காணாது. என்ன செய்தவை தெரியுமோ? ராசா நடந்து வரேக்க பொடியள் ஒளிச்சு நிண்டு விசில் அடிப்பாங்கள். முன்னுக்கு இருக்கிற நீரூற்றைத் திறப்பினம். ராசா தாண்டின உடன மூடுவினம். ராசா போற இடமெல்லாம் தண்ணி பாய்ஞ்சுகொண்டு இருக்கும். உங்கட தலைவர் ஊருக்குப் போய் இறங்கேக்க, வான் சத்தம் கேட்ட உடன ஆரும் விசில் அடிக்கினமோ எண்டு நல்லாக் காதைக் குடுத்துக் கேக்கச் சொல்லும். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போகச் சொன்னால் இன்னும் நல்லது.

இன்னொண்டு, உதைச் சொன்னால் நீர் என்னில கோவிப்பீர். தண்ணியை வெளியில எடுத்தால் மட்டும் சீவியம் மாறாது. வெங்காயம் கிண்டிற மாசத்தில இந்திய வெங்காயக் கப்பல் கொழும்பில இறங்கினால், துலாவில இறைச்சதும் சூரிய மோட்டரில இறைச்சதும் ஒரே நட்டத்துக்குத்தான் போகும். சும்மா நாலு மாசம் வெங்காயத்தைப் பிடிகட்டித் தூக்கி வைக்க ஒரு காத்தோட்டமான கொட்டில் இருந்தால் விலை ஏறுமட்டும் காத்திருக்கலாம். கொட்டில் படத்துக்கு வடிவா இராது, தண்ணி குபுகுபுவெண்டு வராது, ஒருத்தரும் சிரிச்சுக்கொண்டு மிதிக்கமாட்டினம். அதுக்கு எந்த ஒன்றியமும் காசு சேர்க்காது. எண்டாலும் காதில போட்டு வையும்.

மெசின்காரரையும் நான் சும்மா புகழேல்லை. எங்கட நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புக் கல்லு. அதுக்குள்ள மழைத் தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மெல்லிசா மிதந்து கிடக்குது. நிலாவரைக் கிணத்தில மேலால அள்ளினால் நல்ல தண்ணி, ஆழத்துக்குப் போகப் போக உவர். ரெண்டு அங்குல மெசினை விடிய விடிய விட்டவை கிணத்தை உவராக்கிப்போட்டு இப்ப கோயில் கிணத்துக்கு வரிசையில நிக்கினம். துலா அதைச் செய்யேல்லை, செய்ய ஏலாது, மிதிக்கிறவன் களைச்சுப்போவான். இப்ப சூரிய மோட்டர் வருகுது, அதுக்கு எண்ணெய்ச் செலவும் இல்லை, களைப்பும் இல்லை. அது மிச்ச நல்ல தண்ணியையும் உறிஞ்சாமல் விட, சொட்டு நீர்க் குழாயையும் சேர்த்துக் குடுத்தால்தான் சரிவரும். மத்தியப் பிரதேசத்துப் பருத்திக்காரர், பிள்ளையளுக்கு ஐஸ்பழம் அடைக்கிற மெல்லிய பிளாஸ்ரிக் குழாயை உருளை உருளையா வாங்கி ஓட்டை போட்டு சொட்டு நீர் விட்டவை. கொம்பனிக்காரன்ர குழாய் வாங்கக் காசில்லாதவன்ர மூளை அது. ஆனால் ஒண்டு, தண்ணியைக் காப்பாத்த ஏழைதான் மிதிக்கவேணும், வசதியுள்ளவன் மோட்டரை விடட்டும் எண்டு கூட்டத்தில ஆரும் சொன்னால், எழும்பி வெளிய வாரும். அவருக்கு ஓட்டுப் போடாதையும்.

முடிவா என்ன செய்யவேணுமெண்டு கேக்கிறீர். பம்பு ஒண்டை முதல்ல இஞ்ச எடுப்பியும். லாச்சப்பலில இருந்து ஸ்ராலின்கிராட் பக்கம் நடந்தால் வில்லெட் தொட்டிக்கு வந்திடலாம், தண்ணி நிலத்தோட நிலமாக் கிடக்குது, ஏழு மீற்றர்ப் பிரச்சினை இல்லை. நகரசபையிட்ட அனுமதி வேணும், அதைச் செயலாளர் எழுதட்டும், அவருக்குப் பிரெஞ்சு வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்கழிக் குளிரில வேண்டாம், ஆடி வெயிலில, மத்தியானம் பன்னிரண்டுக்கு நிர்வாகசபையைக் கூப்பிடும். ஒவ்வொருத்தரும் அரை மணித்தியாலம் மிதிக்கவேணும். குடை, ஜூஸ், பாட்டு ஒண்டும் வேண்டாம். வீடியோ எடுக்கிறவரும் மிதிச்சுப்போட்டுத்தான் எடுக்கலாம். அரை மணித்தியாலம் முழுசா நிண்டவருக்கு மட்டும் எத்தினை பம்பு, எந்த ஊருக்கு, என்ன விலைக்கு எண்டு தீர்மானிக்கிற ஓட்டு. தலைவருக்கு முழங்கால் நோ எண்டு கேள்விப்பட்டன். பரவாயில்லை, அவருக்குப் பதிலா மகன் வந்து மிதிக்கட்டும். ஆனால் ஓட்டும் மகனுக்குத்தான்.